பெரிய வீட்டுக்கு ஏன் ஆள் வரவில்லை?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். கொட்டகலை டவுனிலிருந்து இரண்டு கிலோமீற்றர் உள்ளே, 24 பேர்ச் காணியில் ஆறு அறைகளோடு இரண்டு மாடி வீடு இருக்கிறது. மகன் கனடாவில், மகள் கண்டியில். நாங்கள் இருவரும் மகளோடு போய் இருக்கலாம் என்று 4 கோடி 80 இலட்சம் விலை சொல்லி ஒன்றரை வருடமாகிறது. வருகிறார்கள், பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர் மட்டும் 3 கோடி 60 இலட்சத்துக்குக் கேட்டார். கட்டிய செலவே அதைவிடக் கூட என்பதால் மறுத்துவிட்டேன். கடன் எடுத்து லொட்ஜாக மாற்றலாமா, இன்னும் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: சேர், ஒரு அதிபர் தன் சம்பளத்தில் இப்படியொரு வீட்டை எழுப்ப எத்தனை வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாங்க வருகிறவர் அந்தச் செலவைப் பார்ப்பதில்லை. வங்கிக்கு மாதம் எவ்வளவு கட்டவேண்டும் என்பதைத்தான் பார்க்கிறார்.

30 வீதத்தைக் கையிலிருந்து போட்டு, மீதி 3 கோடி 36 இலட்சத்தை 12 வீத வட்டியில் 20 வருடக் கடனாக எடுத்தால், தவணை மாதம் சுமார் 3 இலட்சத்து 70 ஆயிரம். கொட்டகலை, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் அதைக் கட்டக்கூடியவர்கள் எத்தனை பேர்? கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்களாக இருந்தாலும் முடியாது. கடை வைத்திருப்பவரிடம் பணம் இருக்கலாம். வியாபாரம் கைக்காசில் நடப்பதால் வங்கிக்குக் காட்ட வருமானம் இருக்காது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் நம் பிள்ளைகளோ பத்து பேர்ச் காணி வாங்கி, முதலில் கீழ்த்தட்டு, பணம் சேரச் சேர மேல்தட்டு என்று தங்கள் விருப்பப்படி கட்டிக்கொள்கிறார்கள். 1 கோடி 20 இலட்சத்து வீட்டுக்கு இதே கணக்கில் தவணை 92,500 ரூபாய்தான். சின்ன வீடுகள் கைமாறுவதும் உங்கள் வீடு நிற்பதும் இதனால்தான். வீட்டில் குறை என்று நினைக்காதீர்கள்.

வெளிநாட்டுக்காரர் வாங்குவார் என்று புரோக்கர் யாராவது சொன்னால் நம்பிக் காத்திருக்க வேண்டாம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுதுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் வாங்கலாம்.

அப்புறம், மண். 2014இல் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களை என்ன பாடு படுத்தியது என்பதை நீங்களே பார்த்தீர்கள். இப்போது வீடு பார்க்க வருகிறவர் அறைகளை எண்ணுவதற்கு முன் பின்பக்கம் போய் மண்மேட்டைப் பார்க்கிறார். கடன் கொடுக்கும் வங்கியும் அதையே கேட்கும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, உங்கள் காணிக்கான மண்சரிவு ஆபத்து மதிப்பீட்டு அறிக்கையை எடுத்துவிடுங்கள். செலவழிக்கக் கையில் கொஞ்சம் பணம் இருந்தால் பெயின்ட், டைல்ஸ் எல்லாம் வேண்டாம். பின்பக்கத் தாங்கு சுவரில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் திறந்துவிட்டு, மழைநீர் ஓடும் வடிகானைச் சரிசெய்யுங்கள்.

உறுதியையும் எடுத்துப் பாருங்கள். சின்னக்கர உறுதி, அதாவது முழு உரிமையுள்ள தனியார் உறுதி, என்றால் சிக்கல் இல்லை. ஜயபூமி, சுவர்ணபூமி போன்று அரசு கொடுத்த அளிப்புப் பத்திரம் என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. மேல்மாடிக்குப் பிரதேச சபை அங்கீகரித்த பிளான் இருக்கிறதா? நம் பக்கம் பலர் கீழ்மாடிக்கு மட்டும் பிளான் போட்டுவிட்டு, மேலே அப்படியே கட்டிவிடுவார்கள். அந்த நிலையில் வங்கியின் மதிப்பீடு மளமளவென்று இறங்கிவிடும்.

லொட்ஜ் வேண்டாம், சேர். பென்ஷன் காலத்தில், இருக்கும் வீட்டையே ஈடு வைத்து, ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குப் போகும் கூட்டம் கொட்டகலையில் இறங்கி இரண்டு கிலோமீற்றர் உள்ளே வரும் என்று எதிர்பார்ப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

பொறுத்திருப்பதும் இலவசம் அல்ல. 3 கோடி 60 இலட்சத்தை 8 வீத நிலையான வைப்பில் போட்டால், வட்டியில் வங்கியே பிடித்துக்கொள்ளும் 10 வீத நிறுத்திவைத்தல் வரி கழித்து வருடத்துக்குக் கிட்டத்தட்ட 26 இலட்சம், அதாவது மாதம் 2 இலட்சத்து 16 ஆயிரம் கையில் வரும். பூட்டிய அறைகள் அந்தப் பணத்தைத்தான் ஒவ்வொரு மாதமும் தின்கின்றன.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள்: விற்பதற்கு முன் கண்டிக்குக் குடிபோய்விடாதீர்கள். மூன்று வருடமாவது தொடர்ந்து உங்கள் பெயரில் இருந்து, அந்த மூன்றில் இரண்டு வருடமாவது நீங்களே குடியிருந்த பிரதான வதிவிடம் என்றால், விற்ற இலாபத்துக்கான மூலதன ஆதாய வரி இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் ஒரு வருடம் தாண்டினால் அந்தச் சலுகை கைநழுவும். 2025 ஏப்ரலிலிருந்து வரி வீதம் 15.

வங்கியின் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் ஒருவரைக் கூப்பிட்டு மதிப்பீடு எடுங்கள். அது 3 கோடி 60 இலட்சத்தைவிடப் பெரிதாக ஏறாவிட்டால் விலையை 3 கோடி 90 இலட்சமாகக் குறையுங்கள். அறிக்கையும் மதிப்பீடும் கைக்கு வந்ததும் அந்த 3 கோடி 60 இலட்சக்காரரிடம் நீங்களே பேசுங்கள். 10 இலட்சம் கூட்டித் தந்தாலும் கொடுத்துவிடலாம். அவர் வேறெங்காவது வாங்கிவிட்டிருந்தால், தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன் பத்திரங்கள் எல்லாம் ஒரே ஃபைலில் தயாராக இருக்கட்டும்.