அந்நிய ஊரில் மூன்று பாட்டு

கேள்வி: நான் தமிழில் பாட்டெழுதி, மெட்டமைத்து, கிட்டார் வாசித்துப் பாடுகிறேன். நம் நாட்டுப்புற மெட்டும் மேற்கத்திய ஃபோக் இசையும் கலந்த பாணி என்னுடையது. இங்கே மேடையேறினால் சினிமாப் பாட்டைத்தான் பாடச் சொல்கிறார்கள். ஆகவே மூன்று வார விடுமுறையில் பிரிட்டன் சென்று, பதினைந்து ஊர்களின் ஓப்பன் மைக் நிகழ்ச்சிகளில் பாடிப் புதிய ரசிகர்களைத் தேட நினைக்கிறேன். பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டு போவது நல்லதா? (வாசகர் ஒருவர், திருச்சி)

பதில்: போய் வாருங்கள். ஆனால் பதினைந்து ஊர் என்பதை ஒரே ஊராகக் குறைத்துக்கொண்டு மூன்று வாரமும் அங்கேயே தங்குங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அந்த எண்ணிக்கைதான். மொழியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு பப்பின் மாடியறையிலோ காபிக் கடையிலோ, பெரும்பாலும் கூட்டம் குறைவான ஒரு வார நாளின் மாலையில், முன்கூட்டி வருகிறவர்கள் ஒரு தாளில் பெயரை எழுதிவைக்க, நிகழ்ச்சியை நடத்துபவர் ஒவ்வொருவராக அழைக்க, இரண்டு அல்லது மூன்று பாட்டுப் பாடிவிட்டு இறங்கும் ஏற்பாடுதான் ஓப்பன் மைக். பாடுகிறவருக்குச் சம்பளம் இல்லை. அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும் பகுதியினர் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் பாடகர்களே. நீங்கள் தேடிப் போகிற ரசிகர் என்பவர் அங்கே மிகச் சிலர். பாடி முடித்து மறுநாள் காலை அடுத்த ஊருக்கு ரயிலேறும் ஒருவரை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வதற்கு ஒரு காரணமும் கிடையாது. அதே ஆள் அடுத்த செவ்வாயன்றும் வந்து, தம் முறை முடிந்த பிறகும் எழுந்து போகாமல் கடைசிப் பாடகர்வரை கேட்டிருந்தால், நடத்துபவருக்குப் பெயர் பதிகிறது. மூன்றாவது வாரம் ஒருவர் தம் ஃபிடிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறார். இன்னொருவர் பக்கத்து ஊரில் தாம் நடத்தும் கிளப்புக்கு அழைக்கிறார். ரசிகர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள், சக பாடகர்கள் கைகாட்டி.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான பால் சைமனின் பிரிட்டன் வாழ்க்கை. நியூயார்க்கில் வளர்ந்த அவரும் ஆர்ட் கார்ஃபங்கலும் சேர்ந்து பாடிய முதல் ஆல்பம் 1964 அக்டோபரில் வெளிவந்து, கேட்பாரில்லாமல் போயிற்று. சைமன் இங்கிலாந்துக்கு வந்து 1965இன் பெரும் பகுதியைத் தனியாக ஒரு கிட்டாருடன் ஃபோக் கிளப்புகளில் கழித்தார். இந்த ஃபோக் கிளப் ஓப்பன் மைக்கின் மூத்த உறவு என்று சொல்லலாம்: அழைக்கப்பட்ட பாடகர் ஒருவர் பாடும் இரவில், இடையிடையே அந்த ஊர்க்காரர்களும் வந்துபோகிறவர்களும் எழுந்து நின்று ஓரிரு பாட்டுப் பாடுவார்கள், பல இடங்களில் ஒலிபெருக்கிகூட இருக்காது. அந்த ஆண்டு லண்டனில் தம் குரலையும் கிட்டாரையும் மட்டும் வைத்து அவர் ஒரு தனி ஆல்பத்தைப் பதிவு செய்தார். அதற்கிடையே அவருக்குத் தெரியாமலேயே, முதல் ஆல்பத்தில் இருந்த ஒரு பாட்டுக்கு அமெரிக்காவில் தயாரிப்பாளர் டாம் வில்சன் மின்கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து மறுபடி வெளியிட, அது 1966 ஜனவரி முதல் வாரத்திலேயே அங்கே முதலிடத்தைப் பிடித்தது.

இந்தக் கதையைச் சொல்லும் பலர் அந்த எதிர்பாராத வெற்றியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதில் பிரிட்டனின் கிளப்புகளுக்கு நேரடிப் பங்கு ஒன்றுமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புகழ் வந்தபோது அவசரமாக அடுத்த ஆல்பம் தேவைப்பட்டது. அப்போது கைகொடுத்தவற்றில் பல, அந்தத் தனி ஆல்பத்தில் ஏற்கெனவே இருந்த பாடல்கள், சிறிய அறைகளில் முகத்துக்கு முகம் பாடிப் பதம் வந்த பாடல்கள். அந்நிய ஊர் அவருக்குக் கொடுத்தது அதுதான், உங்களுக்கும் கொடுக்கக்கூடியது அதுதான்.

கற்றுக்கொண்டவற்றில் ஒன்று மனக்கசப்பையும் கொண்டுவந்தது. ‘ஸ்கார்பரோ ஃபேர்’ என்ற பழைய ஆங்கில நாட்டுப்பாட்டை, கிட்டாரில் அதை வாசிக்கும் முறையோடு சேர்த்து, மார்ட்டின் கார்த்தி என்ற ஆங்கிலப் பாடகரிடமிருந்து சைமன் கற்றார். 1966இல் அந்தப் பாட்டு ஆல்பத்தில் வந்தபோது கார்த்தியின் பெயர் அதில் இல்லை. இருவரும் லண்டன் மேடையொன்றில் அதைச் சேர்ந்து பாடியது 2000ஆம் ஆண்டில். நாட்டுப்பாட்டு யாருக்கும் சொந்தமில்லை என்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். கற்றுக்கொடுத்தவரின் பெயரைச் சொல்வதற்குச் சட்டம் எதற்கு? உங்களுக்கு இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்களும் நாட்டுப்புற மெட்டுகளை எடுத்தாள்கிறீர்கள். எந்த ஊர், யார் பாடிக் கேட்டது என்பதைத் திருச்சியில் சொல்லாவிட்டாலும் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். அங்கே நீங்கள் சொன்னால்தான் உண்டு.

இனி மொழி. மொழிபெயர்க்காதீர்கள். தஞ்சாவூர்ப் பூர்வீகம் கொண்ட தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த சுசீலா ராமன், கர்நாடகக் கீர்த்தனைகளையும் தம் பாணியில் சேர்த்துப் பாடிய முதல் ஆல்பத்துக்கு 2001இல், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரப்படும் பிரிட்டனின் மெர்க்குரி பரிசுப் பட்டியலில் இடம் கிடைத்தது. கன்னடத்திலும் இந்தியிலும் பாடும் ரகு தீட்சித், 2010இல் ஜூல்ஸ் ஹாலண்ட் நடத்தும் பிபிசி தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியில் தம் மொழியை மாற்றிக்கொள்ளாமல்தான் பாடினார். இவர்கள் ஓப்பன் மைக்கில் தொடங்கியவர்கள் என்று நான் சொல்லவில்லை. புரியாத மொழிக்கும் அங்கே காது உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். மெட்டோடு ஒட்டி வளர்ந்த எதுகையையும் மோனையையும் பிய்த்தெடுத்து ஆங்கிலச் சொல்லை நிரப்பினால், அந்த ஊரில் பிறந்து அந்த மொழியில் எழுதுகிறவர்கள் நிறைந்த அறையில் நீங்கள் இரண்டாந்தர ஆங்கிலப் பாட்டுக்காரராகத்தான் தெரிவீர்கள்.

நடைமுறைக்கு இரண்டு செய்திகள். சுற்றுலா விசாவில் செல்லும் இசைக்கலைஞர் பிரிட்டனில் சம்பளமில்லாமல் பாடலாம். பணம் பெறுவதென்றால் பயணத்துக்கு முன்பே முறையான அழைப்பு இருக்க வேண்டும். பொதுமக்களிடம் நேரடியாகப் பொருள் விற்க அந்த விசாவில் அனுமதி இல்லை. ஆகவே டி-ஷர்ட்டும் சிடியும் கட்டி எடுத்துச் செல்லாதீர்கள். அமெரிக்க விதிகள் இதைவிடக் கடுமையானவை. புறப்படும் முன், பாடல்களுக்கான உரிமைத் தொகையை வசூலித்துத் தரும் இந்திய அமைப்பான ஐபிஆர்எஸ்ஸில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் உறுப்பினராகிப் பாடல்களைப் பதிவு செய்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தின் இன்னொரு வரியையும் நான் விட்டுவிட முடியாது. இங்கே சினிமாப் பாட்டைத்தான் கேட்கிறார்கள் என்கிறீர்கள். பிரிட்டனின் பல பப்களிலும் எல்லாருக்கும் தெரிந்த பழைய வெற்றிப் பாட்டுகளைத்தான் பாடுகிறார்கள், அவற்றுக்குத்தான் கைதட்டல் அதிகம். சொந்தப் பாட்டுக்காகவே நடக்கும் அறைகளை அங்கேயும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1982இல் தொடங்கிய புளூபேர்ட் கஃபே, தொண்ணூறு பேர் அளவுக்கே இடமுள்ள ஒரு சின்ன உணவகம். பாட்டு நடக்கும்போது பேசாதீர்கள் என்று வந்தவர்களிடமே சொல்லி, பாட்டெழுதுகிறவர்களுக்கான இடமாக அதை வளர்த்தார்கள். அந்த அமைதி தானாக வந்ததல்ல. திருச்சியில் ஒரு நூலகத்தின் கூடத்திலோ நண்பர் வீட்டு மொட்டைமாடியிலோ, மாதம் ஒரு முறை இருபது பேரை உட்காரவைத்துச் சொந்தப் பாட்டு மட்டும் பாடுகிற மாலை ஒன்றை நீங்கள் நடத்திப் பார்த்திருக்கிறீர்களா? விமானச் சீட்டு எடுக்கும் முன் அப்படி மூன்று மாலைகளாவது நடத்துங்கள். எந்தப் பாட்டில் இருமல் கேட்கிறது, எந்தப் பாட்டில் கேட்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அப்படித் தேறிய மூன்று பாட்டை எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம்: இது நாற்று நடும்போது பாடுவது, இது வேலைக்காக ஊரைவிட்டுப் போன அண்ணனுக்கு எழுதியது என்கிற அளவில். அந்த நாட்டு ஃபோக் கிளப்புகளில் பல்லவியைக் கேட்பவர்களும் சேர்ந்து பாடும் வழக்கம் உண்டு. நம் வயற்காட்டுப் பாட்டின் ‘தன்னானே தானே’வுக்கு எந்த மொழியிலும் பொருள் கிடையாது. அதை முதலில் இரண்டு முறை பாடிக் காட்டிவிட்டு, கையசைத்து அவர்களிடம் விட்டுவிடுங்கள்.