பெயிண்ட் உரியுது, பையன் எழுந்து ஓடிடறான்: வாசகர் கேள்வி பதில்

வீட்டுல தூக்கிப் போடற சாமான வச்சு பசங்களோட ஏதாவது செய்யலாம்னு உக்காந்தவங்க நிறைய பேர் இந்த தடவை எழுதியிருக்கீங்க. ஆரம்பிச்ச கதை எல்லாருக்கும் ஒண்ணுதான், மாட்டிக்கிட்ட இடம்தான் வேற வேற.

கேள்வி: தண்ணி பாட்டிலை பாதியா வெட்டி பென் ஸ்டாண்ட் பண்ணோம். பொண்ணு ஆசையா கலர் அடிச்சா, மறுநாள் தொட்டா தோல் தோலா உரியுது. வீடியோல மட்டும் எப்படிங்க நிக்குது?

வீடியோல மறுநாளைக் காட்ட மாட்டாங்களே, அதான் நிக்குது! தண்ணில கரைக்கற பெயிண்ட், வெள்ளை கம் எல்லாம் பேப்பர், அட்டை, மரம், துணி மாதிரி உறிஞ்சற பொருள்லதான் பிடிக்கும். பிளாஸ்டிக் ஒரு சொட்டு கூட உறிஞ்சாது, அதனால பெயிண்ட் மேலாப்புல ஒரு படலமா காஞ்சு நிக்குது, பாட்டிலை லேசா அமுக்கினாலே விட்டுடும்.

பாட்டில் அடியில முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும் பாருங்க. 1 போட்டிருந்தா தண்ணி, ஜூஸ் பாட்டில் வகை, அதோட ஓரளவு மல்லுக்கட்டலாம். 2, 5 போட்ட ஷாம்பு பாட்டில், மூடி, டப்பா வகையறால கம்மும் சரி பெயிண்டும் சரி சுலபத்துல ஒட்டாது, அதுல கலர் அடிக்கற ஆசைய விட்டுட்டு துணியோ நூலோ சுத்திடுங்க. 1-ம் நம்பர் பாட்டிலை சோப்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போக கழுவி, உப்புத்தாளால மங்கலாகற வரைக்கும் தேய்ச்சு, அக்ரிலிக் பெயிண்டை மெல்லிசா ஒரு கோட், அது நல்லா காஞ்சப்புறம் இன்னொரு கோட். ஒரேயடியா அப்பினா மறுபடி உரியும். கழுவறப்ப கொதிக்கிற தண்ணி ஊத்திடாதீங்க, அந்த பாட்டில் 70 டிகிரி செல்சியஸ் தாண்டினா இளகி சுருங்க ஆரம்பிச்சிடும்.

ஆனா அந்த சுருங்கற குணமே நமக்கு ஒரு உதவி பண்ணும். வெட்டின விளிம்பு கைய கீறும் இல்லையா, இஸ்திரிப் பெட்டிய மிதமான சூட்டுல வச்சு, அடிப்பாகத்துல அலுமினியம் ஃபாயில் சுத்தி, விளிம்பை அதுமேல ரெண்டு மூணு செகண்ட் லேசா ஒத்தி எடுங்க. ஓரம் உள்பக்கமா மடங்கி மழமழன்னு ஆயிடும். இந்த வேலை உங்களோடது, பொண்ணு தள்ளி நின்னு பாக்கட்டும்.

கேள்வி: பேரனோட சேந்து தகர டப்பால ஓட்டை போட்டு விளக்கு செய்யலாம்னு ஆணி அடிச்சேன். டப்பா நசுங்கினதுதான் மிச்சம்.

ஐயா, டப்பாக்குள்ள தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வச்சு ஐஸ் ஆக்கிட்டு அப்புறம் அடிச்சுப் பாருங்க. உள்ள ஐஸ் தாங்கிக்கும், டப்பா நசுங்காது. வாய் வரைக்கும் ஊத்தாம கொஞ்சம் இடம் விடுங்க, தண்ணி உறையும்போது 9 சதவீதம் போல விரியும். அப்பவும் அடிப்பாகம் லேசா உப்பலாம், அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல, கடைசில தட்டி சரி பண்ணிக்கலாம். பேரன ஒரு பேப்பர்ல நட்சத்திரமோ மீனோ புள்ளி புள்ளியா வரையச் சொல்லி அதை டப்பா மேல ஒட்டிட்டு, மடிச்ச துண்டு மேல படுக்க வச்சு, புள்ளி மேலயே ஆணிய வச்சு அடிங்க. முடிஞ்சதும் ஐஸ் உருகினவுடனே துடைச்சு காய வச்சிடணும், இல்லாட்டி ஓட்டை போட்ட இடத்துலதான் முதல்ல துரு பிடிக்கும். ஓட்டையோட உள்பக்கமும், மூடி வெட்டின வாயும் கத்தி மாதிரி இருக்கும், பேரன் உள்ள கைய விடாம பாத்துக்குங்க, வாயில தடிமனா டேப் சுத்திடுங்க. உள்ள பேட்டரி விளக்கு போதும்.

கேள்வி: பெரியவ செய்யும்போது ரெண்டு வயசு சின்னவனும் வந்து எல்லாத்தையும் வாயில வைக்கறான். என்ன பண்றது?

டாய்லெட் பேப்பர் ரோலுக்குள்ள ஒரு அட்டைக் குழாய் இருக்குமே, அதை எடுத்து வச்சுக்குங்க. அதுக்குள்ள நுழையற எதுவும் 3 வயசுக்குக் கீழ உள்ள குழந்தை கைக்கு எட்டவே கூடாது. பட்டன், மணி, பாட்டில் மூடி எல்லாம் அதுல அடங்கிடும். இன்னொண்ணு, பாட்டு பாடற வாழ்த்து அட்டை, பழைய பொம்மைய பிரிச்சா உள்ள பட்டன் பேட்டரி இருக்கும், அதை முதல்ல எடுத்து அப்புறப்படுத்துங்க. அது தொண்டைல சிக்கினா 2 மணி நேரத்துலயே உள்ள புண்ணாக்கிடும், முழுங்கிட்டானோன்னு சந்தேகம் வந்தாலே நேரா ஆஸ்பத்திரிதான். சின்னவனுக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் க்ரேயானும் குடுத்து உள்ள உக்கார வச்சிடுங்க, அவன் உலகம் அவனுக்கு.

கேள்வி: "க்ராஃப்டுக்கு ஆகும்"னு மனைவி எதையும் தூக்கிப் போட விடறதில்ல. வீடே குடோன் ஆயிடுச்சு.

ஒரே ஒரு பெட்டி, அது நிறைஞ்சா பழசு ஒண்ணு வெளிய போனாதான் புதுசு உள்ள. சண்டை வந்தா என் பேரை சொல்லிக்குங்க. ஆனா ஆசிட், ப்ளீச், பூச்சி மருந்து பாட்டில் அந்தப் பெட்டில இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க, எவ்வளவு கழுவினாலும் பசங்க கைக்கு வேண்டாம். ஆசிட் பாட்டிலை ப்ளீச் போட்டு கழுவறேன்னு மட்டும் இறங்கிடாதீங்க, குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: ஆந்தை செய்யலாம்னு உக்காந்தோம், 7 வயசு பையன் பத்து நிமிஷத்துல எழுந்து ஓடிட்டான். கடைசில நான்தான் முழுசா முடிச்சேன்.

ஆந்தை யாரோட ஆசை? உங்களோடதுன்னு நினைக்கறேன். வீடியோல இருக்கறத அச்சு அசலா கொண்டு வரணும்னு நாம உக்காந்தா, பசங்களுக்கு கம் தடவற கூலி வேலைதான் மிஞ்சும். சாமான முன்னாடி கொட்டிட்டு "இது எது மாதிரி இருக்கு?"ன்னு கேட்டு சும்மா இருங்க. பிக்காசோன்னு பெரிய ஓவியர், 1942-ல சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேத்து வச்சார், சீட்டு முகமாச்சு, ஹேண்டில்பார் கொம்பாச்சு, காளைத்தலை வந்துடுச்சு. உங்க பையன் ரெண்டு முட்டை அட்டையக் கவுத்து முதலைன்னு சொன்னா முதலைதான், நீங்க போய் கண்ணு நேரா இல்லன்னு திருத்தாதீங்க. வெட்டறது, சூடு வைக்கறது மட்டும் உங்க பொறுப்பு. பசைக் குச்சிய உருக்கி ஒட்டற க்ளூ கன் வச்சிருந்தா, அதோட முனை சில மாடல்ல 190 டிகிரிக்கு பக்கத்துல போகும், அது அவன் கைக்கு போகவே வேண்டாம்.

கேள்வி: பலூன் மேல பேப்பர் ஒட்டி செஞ்ச முகமூடில பூஞ்சை பிடிச்சிடுச்சு. மாவுப் பசைதான் போட்டோம்.

மாவுப் பசை, அதுவும் தடியா ஒட்டி உள்ள ஈரம் நின்னா பூஞ்சை வராம என்ன செய்யும்? அதை தூக்கிப் போட்டுடுங்க. அடுத்த தடவை வெள்ளை கம் ரெண்டு பங்கு, தண்ணி ஒரு பங்கு. பேப்பரை கத்தரிக்காம கையால கிழிங்க, கிழிச்ச ஓரம்தான் ஒண்ணோட ஒண்ணு படிஞ்சு உக்காரும். ரெண்டு மூணு அடுக்கு ஒட்டினதும் நிறுத்தி முழுசா காய விட்டு, அப்புறம் அடுத்த அடுக்கு. தட்டினா டொக்கு டொக்குன்னு சத்தம் வரணும், அதுக்கப்புறம்தான் பலூனை குத்தணும்.