பெண் பூனைக்குக் கருப்பைத் தொற்றா, சிறுநீர்த் தொற்றா? கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், என் பூனைக்கு நான்கு வயது, கருத்தடை செய்யவில்லை. போன மாதம் ஹீட்டுக்கு (இணைசேரும் பருவத்துக்கு) வந்து அடங்கியது. இரண்டு நாளாகச் சாப்பாடு தொடவில்லை, தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறது. பின்பக்கம் சுத்தமாகத்தான் இருக்கிறது. பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், இன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஹீட் அடங்கிச் சில வாரங்களில் இப்படி ஆனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கருப்பையில் சீழ் கோர்ப்பதைத்தான். ‘பயோமெட்ரா’ என்பார்கள். பின்பக்கம் சுத்தமாக இருப்பதை நம்பவே நம்பாதீர்கள். கசிவு வந்த உடனே பூனை நக்கிவிடும். கருப்பை வாய் மூடியிருந்தால் இன்னும் ஆபத்து: சொட்டுகூட வெளியே வராது, சீழ் உள்ளேயே சேர்ந்து வயிறு உப்பும், கருப்பை கிழியவும் கூடும். கிருமியின் நச்சு சிறுநீரகத்தைத் தாக்குவதால்தான் அந்தத் தாகம். உடல் சூடு 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் காய்ச்சல். ஆனால் காய்ச்சலே இல்லாமலும் இந்த நோய் வரும். ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும். கருப்பையையும் சினைப்பைகளையும் அறுவை செய்து எடுப்பதுதான் நம்பகமான சிகிச்சை.

கேள்வி: ஹீட் வராமல் இருக்க ஊசி போட்டோம். அதனாலும் வருமா?

பதில்: வரும். அது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் வகை மருந்தாக இருந்தால், கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைத்துக் கிருமி வளர இடம் கொடுக்கும். எப்போது போட்டீர்கள் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: ஹீட்டில் லேசாக ரத்தம் கசிகிறது. இயல்புதானே?

பதில்: நாய்க்கு இயல்பு, பூனைக்கு இல்லை. காட்டிவிடுங்கள்.

கேள்வி: கருத்தடை செய்த மூன்று வயதுப் பூனை. அடிக்கடி மண் தட்டில் போய்க் குந்துகிறது, சொட்டுச் சொட்டாகப் போகிறது, இளஞ்சிவப்பாக இருக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். இது சிறுநீர்ப்பை அழற்சிதான், ஆனால் இளம் பூனைகளுக்குக் கிருமியால் வருவது குறைவு. வீடு மாறுவது, புதுப் பூனை வருவது போன்ற மன அழுத்தமே பல நேரம் தூண்டிவிடும். சிலவற்றுக்குக் கல் இருக்கும். பத்து வயதைக் கடந்தவை, சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவை, இவற்றில்தான் கிருமித் தொற்று அதிகம். ஆகவே முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, கல்ச்சர் (கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை), மருந்து அப்புறம். முக்கியும் ஒன்றுமே வராவிட்டால் அது அவசர நிலை. பெண் பூனைக்கு அடைப்பு அரிது, வரவே வராது என்றில்லை. இன்னொன்று: வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

கேள்வி: குட்டி போட்டு நான்கு நாள். செம்பழுப்பாகக் கசிகிறது.

பதில்: நாற்றமில்லாமல், நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால், தாயும் நன்றாகச் சாப்பிட்டால், சரி, பயமில்லை. துர்நாற்றம், காய்ச்சல், குட்டிகளைக் கவனிக்காமல் ஒதுங்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே போங்கள், குட்டிகளையும் எடுத்துக்கொண்டு. பால் குடிக்காமல் அவையும் துவண்டுபோகும்.

கேள்வி: கருத்தடை செய்துவிட்டால் பயோமெட்ரா வரவே வராதா?

பதில்: சினைப்பைத் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால், மிஞ்சிய கருப்பை நுனியில் அரிதாக வரும். அறுவைக்குப் பிறகும் பூனை ஹீட்டில் கத்துவதுபோல் கத்தினால், அறுவை செய்த மருத்துவரிடமே சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.