பார்வையில்லாத மகன் கால்பந்து ஆடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. பிறவியிலேயே இரண்டு கண்ணும் தெரியாது. தெருப் பையன்கள் பந்து விளையாடும் சத்தம் கேட்டால் வீட்டில் இருக்க மாட்டேன் என்கிறான். அவனை ஆட விடலாமா? என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? – ஒரு தந்தை, திருமங்கலம்.

பதில்: தாராளமாக விடுங்கள். பார்வையற்றோர் கால்பந்து 2004 ஏதென்ஸ் முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. தொடர்ந்து ஐந்து முறை தங்கம் வாங்கிய பிரேசிலிடமிருந்து 2024இல் பாரிஸில் பிரான்ஸ் அதைத் தட்டிக்கொண்டு போனது.

எல்லோரும் முதலில் விசாரிப்பது சத்தம் போடும் பந்தைத்தான். உள்ளே கிலுகிலுப்பு வைத்த அந்தப் பந்து 510 முதல் 540 கிராம் இருக்கும்; அதிகம் துள்ளாது, தரையோடு உருளும். அது கிடைக்கும்வரை சாதாரணப் பந்தையே ஒரு கேரிபேக்கில் போட்டு, கொஞ்சம் தொளதொளவென்று முடிச்சுப் போடுங்கள். (தடை என்றாலும் உங்கள் வீட்டு ஆணியில் நாலு தொங்கும்.) உருளும்போது சரசரக்கும், அது போதும். ஆனால் பந்து நின்றால் சத்தமும் நின்றுவிடும். அதனால் முதலில் பழக வேண்டியது உதைப்பதை அல்ல. பந்தை இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைத்து, உள்பாதத்தால் இடம், வலம் என்று விடாமல் தட்டிக்கொண்டே நடக்கப் பழக்குங்கள்.

பந்தைவிட முக்கியம் வாய். எதிராளியின் பந்தைப் பறிக்கப் போகிறவர் குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும், கொடுக்காவிட்டால் ஃபவுல். சர்வதேச ஆட்டத்தில் 'வொய்' என்பார்கள், உங்கள் தெருவில் 'வாரேன்' என்றால் போதும். இந்த ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இல்லாவிட்டால் தலையும் தலையும் மோதும்.

அணிக்கு ஐந்து பேர். கோல்கீப்பருக்கு மட்டும் பார்வை உண்டு, அவரும் தன் சின்னக் கட்டத்தை விட்டு வெளியே வரக்கூடாது. மற்ற நால்வருக்கும் கண்ணைக் கட்டிவிடுவார்கள், லேசாக வெளிச்சம் தெரிகிறவருக்குக் கூடுதல் வசதி கிடைத்துவிடக் கூடாதல்லவா? தெருப் பையன்களும் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடட்டும். முதல் நாள் உங்கள் மகன்தான் எல்லோரையும் சுற்ற விடுவான்.

எதிரணி கோலுக்குப் பின்னால் ஒரு வழிகாட்டி நின்று தன் அணிக்குத் திசை சொல்வார். பெனால்டியின்போது இரண்டு கம்பத்தையும் 'டங், டங்' என்று தட்டிக் காட்டுவார். அடிப்பவர் நடுவைக் கணக்குப் போட்டுக்கொள்வார். இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மைதானம் 40 மீட்டருக்கு 20 மீட்டர். நீளவாக்கில் இருபுறமும் சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு இருக்கும். பந்து பட்டுத் திரும்பும் சத்தத்தில் ஓரம் எங்கே என்று பிடிபட்டுவிடும். உங்களுக்குப் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவர் ஒரு பக்கம் இருந்தால் போதும். மறுபக்கம் கயிறு கட்டாதீர்கள், ஓடி வருகிறவனை இடறிவிடும். பெரியவர் இரண்டு பேர் நின்று 'ஓரம், ஓரம்' என்று சொல்லட்டும். தரையில் கல்லும் கருவேல முள்ளும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

களத்தில் இறக்குவதற்கு முன் கண் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கண் அழுத்தமோ, விழித்திரைக் கோளாறோ, ஆபரேஷன் செய்த கண்ணோ இருந்தால் தலையில் அடிபடுவது ஆபத்து. நெற்றிக்குத் தடித்த பட்டை அவசியம்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கோல் விழும்வரை வாயைத் திறக்கக்கூடாது. நம் ஊரில் கஷ்டமான விதி இதுதான். பஸ் ஹாரன் தொடங்காத காலை நேரம் நல்லது. ஆடியில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள் என்றால் அன்றைக்கு ஆட்டத்துக்கு லீவு விட்டுவிடுங்கள்.