கிழங்கு தேய்க்க ஒரு கை, பொங்கல் கிண்ட ஒரு கை

கேள்வி: அக்கா, எனக்கு எட்டு வயசுல பையன், அஞ்சு வயசுல பொண்ணு. பொங்கலுக்கு சர்க்கரைப் பொங்கலும் கரும்பும்தான் உள்ள போகுது, கிழங்கு, காய் எதையும் தொடமாட்டாங்க. இந்த வருஷம் சமையல்ல சேத்துக்கலாம்னு பாத்தா எங்க அத்தை "நல்ல நாளும் அதுவுமா பிள்ளையள அடுப்படில விடாத, வேலை ஓடாது"ன்னு சொல்லுதாவ. என்ன செய்யட்டும்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தங்கச்சி, அத்தை சொல்றதுல நியாயம் இருக்கு, விடியக்காலம் வாசல்ல அடுப்பு வச்சு பனை ஓலை எரியுற நேரத்துல சின்னப் பிள்ளைய பக்கத்துல விட எனக்கும் மனசு வராது. அதனால முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பிச்சிருங்க. சிறுகிழங்க பையன்கிட்ட குடுத்துருங்க, கொஞ்ச நேரம் தண்ணில ஊறவச்சு சாக்குல போட்டு வாயைக் கட்டி முத்தத்துல நல்லா உருட்டித் தேய்க்கச் சொல்லுங்க, மண்ணும் பாதித் தோலும் அதுலயே கழண்டுரும், மிச்சத்த நீங்க சுரண்டிக்கலாம், கையில கறை புடிக்கும், புடிக்கட்டும். பொண்ணுக்கு மொச்சை உரிக்கிறது, அவிச்ச பனங்கிழங்குல தோலும் நாரும் எடுக்குறது. சேனை, சேப்பங்கிழங்கு ரெண்டையும் பச்சையா அவங்க தொட வேண்டாம், அரிக்கும்.

தான் தேய்ச்ச கிழங்கு குழம்புல எங்க கிடக்குன்னு பையன் கண்டிப்பா தேடுவான், ஆனா ஒரு வாய் வச்சுட்டு துப்புனாலும் திட்டாதீங்க, புதுசா ஒரு காய் நாக்குக்கு பழக எட்டு பத்து தடவைகூட ஆகும்.

அடுத்தது இனிப்பு. உடன்குடி கருப்பட்டி போட்டா உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு நிறைய பேர் நினைக்காங்க, மணமும் ருசியும் தனிதான், ஆனா அதுவும் இனிப்புதானே. நாள் முழுக்க நாம சாப்பிடுறதுல கிடைக்குற சக்தில 10 சதவீதத்துக்கும் குறைவாதான் சேர்க்குற சர்க்கரைல இருந்து வரணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, வெல்லமும் கருப்பட்டியும் அந்தக் கணக்குலதான் வரும். ஒரு கப் அரிசிக்கு ரெண்டு கப் வெல்லம் போடுற வீடா இருந்தா ஒரு கப்பா குறைச்சு, பாசிப்பருப்ப அரை கப் ஆக்குங்க, சுக்கும் ஏலக்காயும் தூக்கலா இருந்தா குறைச்சதே தெரியாது. அந்த ஒரு கப்ப அளந்து போடுற வேலைய பொண்ணுகிட்ட குடுங்க.

இதெல்லாம் கூட இருந்து செய்யுறதுதான், முழுசா பிள்ளைங்களே செய்யணும்னா நம்ம ஊர்ல சிறுவீட்டுப் பொங்கல் இருக்கே! மார்கழில பொம்பளப் பிள்ளைங்க மண்ணுல வீடு கட்டி, தைல அதுக்கு முன்னால குட்டிப் பானைல பொங்கல் விடுறது இப்போ நிறைய தெருவுல நின்னு போச்சு, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். அத்தைகிட்டயே கேளுங்க, அவங்க சின்னப்பிள்ளைல எப்படி விட்டாங்கன்னு, சொல்லிக்குடுக்க அவங்களே முன்ன வந்து நிப்பாங்க. பையனையும் சேத்துக்கோங்க, அரிசி களையுறதுக்கு ஆணென்ன பொண்ணென்ன. தீ மூட்டுறது, பானை இறக்குறது ரெண்டும் பெரியவங்க வேலை. பட்டுப்பாவாடைய பொங்கி முடிஞ்ச பிறகு கட்டிவிடுங்க, அடுப்புகிட்ட பருத்தித் துணிதான், பக்கத்துல ஒரு வாளி தண்ணியும் இருக்கட்டும்.