பூம்பாவைப் பதிகத்தில் தைப்பூசம்

கேள்வி: எங்கள் கோயில் தேவார வகுப்பில், தைப்பூசத்தை முன்னிட்டுத் திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தைக் கற்பிக்கிறோம். அதில் தைப்பூசம் சிவபெருமானின் விழாவாக வருகிறது. அப்பாடலில் முருகன் பெயர் இல்லை. "அப்படியானால் பத்துமலை முருகன் கோயில் தைப்பூசத் திருவிழா பிற்காலத்தார் புனைந்துகொண்டதுதானே?" என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். பத்தாம் பாடல் சமணரையும் பௌத்தரையும் சாடுவதால், அதை மட்டும் விட்டுவிடலாமா?
– தேவார ஆசிரியை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அந்தப் பெற்றோர் பாடலைக் கூர்ந்து படித்திருக்கிறார், அவருடைய முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏழாம் நூற்றாண்டில் மயிலைக் கபாலீச்சரத்தில் (சென்னை மயிலாப்பூர்ச் சிவன் கோயிலில்) நடந்த விழாக்களை மாத வரிசையில் பாடும் பதிகம் அது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை ஆகியவற்றை அடுத்து, "நெய்ப்பூசும் ஒண்புழுக்கல் நேரிழையார் கொண்டாடும் தைப்பூசம் காணாதே போதியோ பூம்பாவாய்" என்கிறார் சம்பந்தர். நெய் கலந்த சோற்றோடு பெண்கள் கொண்டாடிய விழாவே அங்கு தெரிகிறது. வேலும் காவடியும் இல்லை. அவருக்கு மூத்தவரான அப்பரும் பூசத்தைத் திருவிடைமருதூரில் புனலாடும் நாளாகவே பாடியிருக்கிறார். தில்லையில் இறைவனின் நடனத்தைப் பதஞ்சலி, வியாக்கிரபாதர் என்ற முனிவர்கள் கண்ட நாள் தைப்பூசம் என்பது சைவ மரபு. 1874இல் வள்ளலார் சித்தியடைந்ததும் அதே நாளில்தான். ஒரு நாளுக்கு ஒரே தெய்வம்தான் உரியது என்று நம் முன்னோர் வரையறுத்துக்கொள்ளவில்லை.

முருக வழிபாடோ தேவாரத்துக்கும் முந்தியது என்பதைத் திருமுருகாற்றுப்படை படித்தவர் அறிவர். தைப்பூசத்தன்று பழனிக்குக் காவடியோடு நடந்துசெல்லும் வழக்கத்தில் ஊறியவர்கள் கடல் கடந்து இங்கு வந்தார்கள். பினாங்குத் தண்ணீர்மலையில் முருகனுக்குக் கோயில் எழுப்பிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) அவர்களுள் முக்கியமானவர்கள். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடந்துவருவதும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சியே. இன்றும் காவடி எடுப்பவர்கள் முதலில் ஆற்றில் நீராடுகிறார்கள். பினாங்கில் வெள்ளிரதம் செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல்களில் அன்னமிடுகிறார்கள். பூம்பாவைப் பதிகத்தின் முதல் பாடலே அடியார்க்கு அமுதிடுவதைத்தான் காண அழைக்கிறது. தெய்வத்தின் பெயரை மட்டும் தேடிப் படிப்பவர் கண்ணுக்கு இந்த உறவு தப்பிவிடுகிறது என்பதே என் வருத்தம்.

பிள்ளைகளிடம் இன்னொன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவை என்ற பெண், இந்தப் பதிகத்தைச் சம்பந்தர் பாட, உயிர்பெற்று எழுந்த கதை, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் விரிவாக உள்ளது. பதிகம் அதை விவரிப்பதில்லை, "இவ்வளவையும் காணாமலா போகிறாய்?" என்று மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்கிறது. கதையை ஒதுக்கிவிட்டுப் படித்தாலும் உள்ளத்தை உலுக்கும் கேள்வி அது.

பத்தாம் பாடலை விடக் கூடாது. சம்பந்தரின் பெரும்பாலான பதிகங்களில் அந்த இடம் சமணரையும் சாக்கியரையும் (பௌத்தரையும்) மறுப்பதற்கே அமைந்தது. அரசர்களின் ஆதரவுக்காகச் சமயங்கள் கடுமையாக மோதிய காலம் அது; அப்பரே முன்பு சமணத் துறவியாகத் தருமசேனர் என்ற பெயரில் வாழ்ந்தவர் என்று பெரியபுராணம் கூறுகிறது. அந்த வரலாற்றை விளக்காமல் பாடலை மனப்பாடம் செய்விப்பதுதான் தவறு. பினாங்கில் வெள்ளிரதத்தின் முன் சீன அன்பர்களும் தேங்காய் உடைப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைகளிடம், அந்தச் சொற்கள் அன்றைய வாதத்துக்கு உரியவை, இன்றைய பௌத்த அண்டைவீட்டாரைக் குறித்தவை அல்ல என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும். சிறியவர்களுக்கு ஐப்பசி முதல் பங்குனி வரையுள்ள ஆறு பாடல்கள் முதலில் போதும். பத்தாம் பாடலை, விளக்கத்தைப் புரிந்துகொள்ளும் வயதில் உள்ள மூத்த வகுப்பாருக்குக் கற்பியுங்கள்.