மும்பையில் ஒரு சின்ன வீட்டில் இருந்துகொண்டு வலை, தூண்டில் எல்லாம் நாமே செய்து, பழுதும் பார்த்துக்கொள்ள முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

தாராளமாக முடியும். ஆனால் புதிதாக வலை பின்னுவதில் தொடங்காதீர்கள். கிழிந்த வலையைப் பொத்துவதில் தொடங்குங்கள். இயந்திரத்தில் பின்னிய வலைத்துணி கடையில் எடைபோட்டுக் கிடைக்கிறது, முடிச்சும் ஒரே சீராக இருக்கும். அதோடு நம் கை போட்டிபோட வேண்டியதில்லை. கிழிசலைப் பொத்த எந்த இயந்திரமும் வராது, அது கைவேலைதான். பொத்தப் பழகியவருக்குப் பின்னுவது தானாக வந்துவிடும்.

நான் சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். முடிச்சு போடக் கற்றுக்கொடுத்தவர் என் சித்தப்பா. மீதியை மும்பையின் வர்சோவாவில், இந்த ஊர் மீனவச் சமூகமான கோலிகளில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றேன். அந்தக் கடற்கரைக்கும் இந்தக் கடற்கரைக்கும் படகு வேறு, மீன் வேறு, வலையும் வேறு. நீரோட்டத்தில் பை மாதிரி நிறுத்திவைக்கும் டோல் வலையை நம் ஊரில் பார்க்கவே முடியாது. ஆனால் இரண்டு பேரும் போட்டது ஒரே முடிச்சு.

தேவையான சாமான் கொஞ்சம்தான். நடுவில் நாக்கு உள்ள வலை ஊசி ஒன்று. கண்ணி அளவு பிசகாமல் இருக்க ஒரு மட்டப்பட்டை. நூல், கத்தரிக்கோல். பட்டையைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், மூங்கில் சீவல் போதும். வலைக் கண்ணியை இழுத்துப் பிடித்து, எதிரெதிரே இருக்கும் முடிச்சுக்கு முடிச்சு அளந்து பாருங்கள். 25 மில்லிமீட்டர் வந்தால், பட்டையின் அகலம் அதில் பாதி. நூல் கண்டில் 210/2/3 என்கிற மாதிரி எழுதியிருக்கும். 210 என்பது டெனியர்: ஓர் இழை 9,000 மீட்டர் நீளத்துக்கு 210 கிராம். அந்த இழை இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒரு புரி, அப்படி மூன்று புரி முறுக்கியது அந்த நூல். வலையில் இருக்கும் அதே தடிமனில் வாங்குங்கள். தடிமனாகப் போட்டால் உறுதி என்று நினைத்துப் பலர் கூட வாங்குகிறார்கள். பொத்திய இடம் விறைத்து நின்று, அதன் ஓரத்திலேயே அடுத்த கிழிசல் வரும்.

இனி முக்கியமான விஷயம். கிழிசலை அப்படியே வைத்துக்கொண்டு பொத்த முடியாது, முதலில் வெட்டிச் சீராக்க வேண்டும். நல்ல வலையில் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் நான்கு நூல் கிளம்பும். அவற்றைக் கால் என்று வைத்துக்கொள்வோம். கிழிசலின் உச்சியில் மூன்று கால் மிஞ்சியிருக்கும் முடிச்சு ஒன்றைத் தேடுங்கள், அடியிலும் அதேபோல் ஒன்று. இந்த இரண்டையும் தவிர, ஓரத்தில் இருக்கும் எல்லா முடிச்சிலும் சரியாக இரண்டே கால் நிற்கும்படி வெட்டிக்கொண்டு வாருங்கள். ஓட்டை பெரிதாகும், பயப்பட வேண்டாம். காரணம் எளிது. ஒரே நூல் மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் போக வேண்டும். இரண்டு கால் இல்லாத முடிச்சில் நூல் ஒரு கால் வழியே வந்து இன்னொன்றின் வழியே வெளியேறும். ஒரு கால் மட்டும் இல்லாத முடிச்சில் அது தொடங்கலாம், இல்லையென்றால் முடியலாம். அதனால்தான் அப்படிப்பட்டது மேலே ஒன்று, கீழே ஒன்று. இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் எவ்வளவு பெரிய கிழிசலைப் பார்த்தாலும் மலைப்பு வராது.

முடிச்சு இப்படி. வலையின் மேல் ஓரத்தை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஊசியைக் கண்ணிக்குள் பின்பக்கமிருந்து முன்னால் எடுத்து, கண்ணியின் அடி பட்டையைத் தொடும்வரை நூலை இழுங்கள். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளுங்கள். நூலை இடப்பக்கம், கண்ணிக்கு மேலே ஒரு வளையமாக வீசிப் போட்டு, ஊசியைக் கண்ணியின் இரண்டு காலுக்கும் பின்னால் வலமிருந்து இடமாகக் கொண்டுபோய் வளையத்துக்குள் எடுத்து இறுக்குங்கள். கட்டைவிரல் அசையவே கூடாது. அசைந்தால் முடிச்சு கண்ணியின் அடிக்குக் கீழே நழுவி உருவு முடிச்சாகிவிடும். பார்வைக்கு முடிச்சு மாதிரியே இருக்கும், மீன் இழுத்ததும் கண்ணி விரிந்துகொடுக்கும். ஒவ்வொன்றையும் நகத்தால் தள்ளிப் பாருங்கள், நகர்ந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி போடுங்கள். தங்கூஸ் நரம்பில் செய்த வலை என்றால் ஒற்றை முடிச்சு நிற்காது, வழுக்கும். வளையத்தை இன்னொரு முறை சுற்றி இரட்டையாகப் போட வேண்டும்.

வீச்சு வலையின் ஈயக்குண்டு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அடுப்பே போதும் என்று சொல்வார்கள். தயவுசெய்து வீட்டில் உருக்காதீர்கள். படுக்கையும் சமையலும் ஒரே அறையில் நடக்கும் வீட்டில் ஈயப்புகையும் தூசியும் போக இடமே இல்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது கெடுக்கும். உருகிய ஈயத்தில் ஈரம் பட்டால் வெடித்துத் தெறிக்கும். வார்த்த குண்டையே வாங்கி, கோத்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், குறடு இருக்கிறது. கைத்தூண்டிலுக்கு ஈயமே தேவையில்லை. மெக்கானிக் கடையில் கழித்துப்போட்ட ஸ்பார்க் பிளக்கோ, பெரிய நட்டோ கட்டினால் போதும். பாறை இடுக்கில் சிக்கி அறுந்தாலும் கடலில் ஈயம் சேராது.

கைத்தூண்டில்தான் உண்மையில் வீட்டிலேயே முழுசாகச் செய்யக்கூடியது. குழாய்க் கடையில் கிடைக்கும் பி.வி.சி. துண்டு முக்கால் அடி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு துளை போட்டு நரம்பைக் கட்டிச் சுற்றினால் ஆயிற்று. தேய்ந்த ஹவாய் செருப்பை வெட்டினால் மிதவை. தூண்டில் முள்ளை மட்டும் நல்லதாக வாங்குங்கள். முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கியிருக்கிறது, கீறிக்கொண்டு நின்றால் கூர் இருக்கிறது. மழுங்கியதைச் சின்ன அரத்தால் முனையை நோக்கியே தேய்க்க வேண்டும். முள்ளைக் கட்டும்போது முடிச்சை எச்சிலால் நனைத்துவிட்டு இறுக்குங்கள். காய்ந்த நரம்பு உரசிச் சூடேறி அந்த இடத்திலேயே பலம் போய்விடும்.

பராமரிப்பு என்றால் வெயிலும் எலியும்தான். நைலானுக்கு உப்புத் தண்ணீர் பெரிய எதிரி இல்லை, வெயில்தான் அதை நொறுங்கவைக்கும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு வாளியில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். மீன் வாடை மிஞ்சினால் இந்த ஊர் எலி ஒரே ராத்திரியில் கடித்துக் குதறிவிடும். அலசிக் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

கற்றுக்கொள்ள நல்ல காலம் மழைக்காலம். தூத்துக்குடியில் விசைப்படகுத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மணலில் வலையை விரித்துப்போட்டுப் பொத்துவார்கள். இங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கொட்டுகிற மழை. அதனால் கோலிவாடாக்களில், அதாவது கோலி மீனவர் குடியிருப்புகளில், கூரைக்கடியிலும் தார்ப்பாய்க்கடியிலும் வேலை நடக்கும். போய் நின்று, “காகா (சித்தப்பா), கொஞ்சம் பார்க்கலாமா?” என்று இந்தியில் கேட்டால்கூடப் போதும், பெரும்பாலும் இடம் நகர்த்திக் கொடுப்பார்கள்.

இன்னொன்று. வெட்டிய நரம்பையும் வலைத் துண்டையும் கரையில் போடாதீர்கள். மாஹிமிலும் தானே காடியிலும் (தானே நகரை ஒட்டிய கடற்கழி) அலையாத்தி வேரில் சிக்கி, நண்டையும் பறவையையும் வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும். பொடியாக நறுக்கி வீட்டுக் குப்பையில் போடுங்கள்.

நாளைக்கே தொடங்குவதென்றால் சசூன் டாக் மீன்பிடித் துறைமுகம் பக்கம் போய் வலை ஊசி ஒன்றும், பழைய வலைத் துண்டு கொஞ்சமும் வாங்கி வாருங்கள். அதில் நீங்களே ஒரு ஓட்டை போட்டுப் பழகுங்கள். பச்சை வலை என்றால் வெள்ளை நூலில் பொத்துங்கள், எந்த முடிச்சு பிசகியது என்று தூரத்திலிருந்தே தெரியும்.